மேஜரின் இடது கால்

எதிர்வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இதை என் வீட்டுக்காரர் சொல்லித்தான் ஊருக்குத் தெரிய வேண்டும் என்றில்லை, நானே ஒத்துக்கொள்கிறேன். கிட்வாய் நகரில் பழைய குவார்ட்டர்ஸை இடித்துவிட்டுக் கட்டிய அடுக்குமாடிகளில் எட்டாவது மாடி எங்களுக்கு. எங்கள் வாசலுக்கு நேர் எதிரே வைத்தி சார் வீடு. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. கும்பகோணத்துக்காரர். தில்லிக்கு வந்து முப்பத்துநான்கு வருஷம் ஆகிறது, ரிட்டயராக இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. வீட்டில் அவரும் ருக்மிணி மாமியும் மட்டும்தான். மகள் பெங்களூரில்.

அவரை எனக்கு எப்படித் தெரியவந்தது என்று சொன்னாலே ஆள் பிடிபட்டுவிடுவார். நாங்கள் குடிவந்த அன்று வாசலில் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தோம். எதிர்க்கதவைத் திறந்துகொண்டு வந்தார். வணக்கம் இல்லை, எந்த ஊர் என்ற கேள்வி இல்லை. பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய், கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்துவந்து அதன் மேல் வைத்தார். குழாய்க்குள் இருந்த குமிழி ஒரு பக்கமாக ஓடியது.

"ரெண்டு மில்லிமீட்டர் சாஞ்சிருக்கு," என்றார்.

"சாஞ்சா என்ன சார், பேரு கீழ கொட்டிருமா?" என்றேன். நான் மதுரைக்காரி. வாய் சும்மா இருக்காது.

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் நாங்கள் அலுவலகம் போயிருந்த நேரத்தில் பலகையைத் தானே நேராக்கி வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பலகை முன்னைவிட நன்றாக இருந்ததால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

போன ஜூன் மாதம், வெயில் நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒரு நாள், அவர்கள் பால்கனியில் துணி காயப்போடும் கம்பியில் ஒரு பறவை வந்து விழாத குறையாக உட்கார்ந்தது. சாம்பல் நிற உடம்பு, மஞ்சள் தலை, கன்னத்தில் யாரோ குங்குமப்பூவைக் கரைத்து வைத்ததுபோல் ஒரு வட்டம், தலையில் நிமிர்ந்து நிற்கும் கொண்டை. காக்கட்டீல் என்று கடைகளில் விற்பார்களே, அது. யார் வீட்டிலிருந்தோ தப்பி வந்திருந்தது. மாமி கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். குடித்துவிட்டுக் கொண்டையை நிமிர்த்தி அவளை ஏற இறங்கப் பார்த்தது. "மேஜர் மாதிரின்னா பாக்கறது!" என்றாள் மாமி. அன்றிலிருந்து அதற்கு மேஜர் என்று பெயர்.

சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க வைத்தி சார் ஒரு நோட்டீஸ் தயாரித்து எல்லா லிஃப்டிலும் ஒட்டினார். பறவையின் முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், மேலிருந்து பார்த்த தோற்றம், ஒவ்வொன்றிலும் அம்புக்குறி போட்டு அளவுகள். அதைப் பார்த்தால் பறவையைத் தொலைத்தவனுக்கே அது ஏதோ தண்ணீர்த் தொட்டி என்றுதான் தோன்றும். ஒருவரும் வரவில்லை. வராததில் மாமிக்குச் சந்தோஷம்.

கூண்டு வாங்கினார்கள். அதற்குள் பறவை உட்கார இரண்டு பிளாஸ்டிக் கம்புகள் இருந்தன. மேஜருக்கு அதில் கால் வழுக்கியது. கடைக்காரன் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்கிற ஆளா வைத்தி சார்? ஒரு வாரம் ஆராய்ச்சி நடந்தது. மாமியின் கோலமாவை ஒரு தாம்பாளத்தில் பரப்பி அதன் மேல் மேஜரை நடக்கவிட்டார். கால்தடத்தை என்னிடம் காட்டினார்.

"பாத்தேளா, முன்னாடி ரெண்டு விரல், பின்னாடி ரெண்டு விரல். காக்காய்க்கு முன்னாடி மூணு, பின்னாடி ஒண்ணு. கிளி ஜாதிக்கு இப்படி. ஏன்னு தெரியுமோ?"

எனக்குத் தெரியவில்லை. ஐம்பது வயதுவரை காக்கையின் காலை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பற்றிப் பிடிக்க, பழத்தைக் காலால் தூக்கித் தின்ன, என்று அவரே விளக்கினார். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் நின்று காக்கைகளின் கால்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பஸ்ஸைத் தவறவிட்டேன்.

விரல்கள் முக்கால் வட்டம் சுற்றிப் பிடிக்கிற கனம்தான் சரியானது என்று கணக்குப் போட்டார். பதினாறு மில்லிமீட்டர் வந்தது. தேக்கில் ஐந்து கம்புகள் செய்தார். ஐந்தும் பதினாறு, ஒரு நூல் கூடக் குறைய இல்லை. மாடிப்படிக் கைப்பிடிகளை வரைந்து வரைந்தே அவர் வேலைக்காலம் போயிருக்கிறது. "கை பிடிச்சுக்கறதும் கால் பிடிச்சுக்கறதும் ஒண்ணுதானே?" என்றார். கன்னத்தில் வைத்தால் பட்டுப்போல் இருந்தது மரம். ரசமட்டம் வைத்து ஐந்தையும் கூண்டில் பொருத்தினார். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாக இருந்தது. நான் பாராட்டினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

செப்டம்பரில் மேஜரின் நகங்கள் வளைந்து நீண்டுவிட்டன. மாமியின் புடவையில் மாட்டி நூலை இழுத்தன. மரம் அவ்வளவு வழவழப்பாக இருந்தால் நகம் எதில் தேயும்? வைத்தி சார் அதற்கும் வழி கண்டுபிடித்தார். ஐந்து கம்புகளையும் சுற்றி உப்புத்தாள் ஒட்டினார். தச்சர்கள் மரம் இழைக்கத் தேய்ப்பார்களே, அந்தச் சொரசொரப்பான தாள். ஓரங்கள் ஒன்றோடொன்று முடி அளவு இடைவெளி இல்லாமல் சேர்ந்திருந்தன. மூன்று வாரத்தில் நகம் குட்டையாகிவிட்டது. எட்டாவது மாடி முழுக்க அவர் பெருமைதான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது அக்டோபரில். ஒரு காலையில் மாமி என் கதவைத் தட்டினாள்.

"சுபா, நீ வந்து பாரேன். ரெண்டு நாளா ஒத்தைக் கால்லயே நிக்கறது. தபஸ் பண்றாப்ல."

மேஜர் வலது காலில் நின்றுகொண்டு இடது காலை வயிற்று இறகுக்குள் இழுத்து வைத்திருந்தது. துண்டில் சுற்றிப் பிடித்துக் காலை விரித்துப் பார்த்தோம். உள்ளங்கால் செக்கச்சிவந்து, நடுவில் கறுப்பாகப் பொருக்குக் கட்டியிருந்தது. வைத்தி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பப் பார்த்தார். 

லாஜ்பத் நகரில் பறவைகளைப் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருக்கிறார். குல்ஜீத் கௌர் என்று பெயர். சனிக்கிழமை மூன்று பேருமாகப் போனோம். நான் எதற்கு என்று கேட்காதீர்கள், என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. டாக்டர் லென்ஸ் வைத்துக் காலைப் பார்த்தார். பிறகு கூண்டின் போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். வைத்தி சார் போனை நீட்டினார். அந்த நிலையிலும் அவர் முகத்தில் ஒரு துளி பெருமை இருந்ததைப் பார்த்தேன்.

பேச்சு இந்தியில் நடந்தது. டாக்டர் சொன்னது இதுதான்: "ரொம்ப சுத்தமா செஞ்சிருக்கீங்க. அதுதான் தொல்லை. ஐந்தும் ஒரே கனம். இது படுக்கிற பிராணி இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் நிக்கிற பிராணி. எங்கே போய் நின்னாலும் உள்ளங்கால்ல அதே இடம்தான் அமுங்குது. அந்த இடத்துல நீங்க தாளை வெச்சுத் தேய்ச்சிருக்கீங்க. நகத்தோட நுனி தாள்மேல படறது கொஞ்ச நேரம். தோல் படறது நாள் முழுக்க."

நிஜமான மரக்கிளைகளை வைக்கச் சொன்னார். கொய்யா, வேம்பு, முசுக்கொட்டை எதுவானாலும் சரி. ஒன்று தடிமன், ஒன்று ஒல்லி, ஒன்று கோணல். நகம் தேய ஒரே ஒரு சொரசொரப்பான கட்டை போதும், அதுவும் தீனிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், பறவை வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிற இடத்தில். உச்சியில் மட்டும் அதை வைக்கவே கூடாது, பறவை தூங்குவது எப்போதும் உச்சிக் கிளையில்தான். களிம்பும் மருந்தும் கொடுத்துக் காலில் சின்னதாக ஒரு கட்டுப் போட்டார்.

"புண் எலும்பைத் தொட்டுட்டா விரலை எடுக்கணும். அதுக்கும் மேல போனா பறவை பிழைக்காது. அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள் கொண்டுவாங்க, பார்த்துட்டு முடிவு பண்ணலாம். அதுவரைக்கும், தூங்கறப்போ எந்தக் காலைத் தூக்கி வெச்சுக்குதுன்னு கவனியுங்க. வலிக்கிற காலைத்தான் தூக்கும். இடது காலை ஊன்றித் தூங்கிச்சுன்னா ஆறிட்டுதுன்னு அர்த்தம்."

"கிளை என்ன அளவு, டாக்டர்?" என்று கேட்டார் வைத்தி சார்.

"அளவே வேண்டாம்னுதான் சொல்றேன்," என்றார் டாக்டர்.

ஆட்டோவில் திரும்பினோம். மூல்சந்த் சிக்னலில் வண்டி நின்றபோது, "நான்தான் பண்ணிட்டேன்," என்றார் வைத்தி சார். மாமி துணி மூடிய கூண்டை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். 

மறுநாள் காலை பூங்காவில் தோட்டக்கார மாலி கொய்யா மரத்தைக் கழித்துக்கொண்டிருந்தான். வைத்தி சார் கையில் வெர்னியரோடு போய் நின்றார். குழாய்களின் கனம் அளக்கிற கருவி அது. ஒவ்வொரு கிளையாக எடுத்து இந்த முனையில் அளந்தார், அந்த முனையில் அளந்தார், தலையை ஆட்டிக் கீழே போட்டார். மாலி பொறுத்துப் பார்த்துவிட்டு, "பாபுஜி, பேட் ஹை, பைப் நஹி!" என்றான். மரம் ஐயா, குழாய் இல்லை என்று. நான் சிரித்துவிட்டேன். கடைசியில் ஏழு கிளைகள் தேறின. கழுவி, பால்கனி வெயிலில் காயவைத்து, தேக்கை எல்லாம் எடுத்துவிட்டுக் கூண்டில் பொருத்தினார்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றினோம். மேஜரைத் துண்டில் பிடித்துக்கொள்வது என் வேலை, களிம்பு போடுவது மாமியின் வேலை. இரண்டு முறை என் விரலைக் கடித்தது. ஆறு நாளாகியும் புண் இம்மியளவும் ஆறவில்லை. கிளையைத்தான் மாற்றியாயிற்றே, பின் ஏன் என்று எனக்குப் புரியவில்லை. சனிக்கிழமை மாமி கட்டிலுக்கடியில் பெருக்கும்போது முறத்தில் சுருள் சுருளாக மரச்சீவல் வந்தது. பச்சை வாசனை அடித்தது.

"இது என்னன்னா?" என்றாள் மாமி.

 நான் எழுந்து போய்க் கூண்டைப் பார்த்தேன். கிளைகளில் ஒரு கணு இல்லை, ஒரு முடிச்சு இல்லை. எல்லாவற்றையும் இழைப்புளியால் சீவியிருந்தார். வளைவு இருந்தவற்றைத் தள்ளிவிட்டு நேரானவற்றை மட்டும் வைத்திருந்தார். தேக்கு போய்க் கொய்யா வந்திருந்தது, அவ்வளவுதான். கனம் பதினாறு.

எனக்கு வந்ததே கோபம். "சார், உங்களுக்கு மேஜர் வேணுமா, ரசமட்டம் வேணுமா? ஒண்ணைச் சொல்லுங்க. டாக்டரம்மா ஹிந்தியிலதான சொன்னாங்க, சீன பாஷையிலயா சொன்னாங்க?"

மாமி கத்தவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. "அதோட கால் போயிடும்னா," என்று மட்டும் சொன்னாள்.

"தெரியறது ருக்கு. கண்ணு கேக்க மாட்டேங்கறது. கோணலா ஒண்ணு மாட்டினா, என்னால அந்தப் பக்கம் போக முடியலை." சொல்லிவிட்டு அவர் கதவைத் திறந்துகொண்டு கீழே போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து அவரைப் பார்த்துவர மாமி என்னை அனுப்பினாள். எங்கள் பூங்காவில், எல்லாத் தில்லிப் பூங்காக்களிலும் இருப்பதுபோல், கூழாங்கல் பதித்த நடைபாதை ஒன்று உண்டு. வெறுங்காலோடு நடந்தால் சகல நோயும் தீரும் என்று பஞ்சாபிப் பெண்கள் அதில் முனகிக்கொண்டே நடப்பார்கள். அதன் நடுவில் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வைத்தி சார் நின்றிருந்தார். பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"சுபாஷிணி, இங்க வாங்கோ. செருப்பைக் கழட்டுங்கோ."

"எதுக்கு சார்?"

"கழட்டுங்கோளேன்."

கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். உயிர் போனது.

"எங்க வலிக்கறது?"

"எங்க வலிக்கலைன்னு கேளுங்க!"

"ரெண்டடி நடங்கோ. இப்போ?"

வலி வேறு இடத்துக்குப் போயிருந்தது. பெருவிரலுக்கடியில் குத்தியது நின்று, பாதத்தின் ஓரத்தில் குத்தியது. சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"அந்த டைல்ஸ் பாதையில இருபது நிமிஷம் அசையாம நின்னு பாத்தேன். வழவழன்னு சொகமாத்தான் இருந்தது. அப்புறம் குதிகால்ல ஒரே எடம் நெருப்பா எரிய ஆரம்பிச்சுடுத்து. இங்க இருபது நிமிஷம் நிக்கறேன். எல்லா எடமும் வலிக்கறது. ஆனா எந்த எடமும் எரியலை." கொஞ்சம் நிறுத்தினார். "முப்பத்துநாலு வருஷமா கையைப் பத்தியே யோசிச்சுண்டிருந்துட்டேன். கை பிடிச்சுக்கும், மாடி வந்ததும் விட்டுடும். கால் விடவே முடியாதே. அதுக்கு எங்க போறதுன்னு நான் யோசிக்கலை."

இந்த மனிதர் மேல் எனக்கிருந்த எரிச்சல் எல்லாம் அந்த இடத்தில் காணாமல் போயிற்று. பிடிவாதக்காரர்தான். ஆனால் தன் காலை வைத்துத் தானே சோதித்துப் பார்க்கிற பிடிவாதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

அங்கிருந்து நேராக மாலியிடம் போனார். "பையா, சப்ஸே டேடி வாலி தோ," என்றார். இருப்பதிலேயே கோணலானதைக் கொடு என்று. மாலி வாயெல்லாம் பல்லாகக் குவியலைக் கிளறி எடுத்துக் கொடுத்தான். ஒன்று என் கட்டைவிரலைவிடத் தடிமன், ஒன்று சுண்டுவிரல் கனம், ஒன்று நடுவில் முழங்கை போல் மடங்கியது, ஒன்று கவட்டை. வைத்தி சார் அவற்றைக் கழுவிக் காயவைத்ததோடு சரி, சீவவில்லை. தடிமனாக, பட்டை மெத்தென்று இருந்த கிளையை உச்சியில் வைத்தார். மற்றவையெல்லாம் மேலும் கீழும் சாய்ந்து கிடந்தன. சொரசொரப்பான சின்னக் கட்டை ஒன்றைக் கடையில் வாங்கித் தீனிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் திருகினார்.  முதல் இரண்டு நாள் கூண்டுக்கு முதுகைக் காட்டித்தான் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

மேஜருக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. சாயங்காலத்துக்குள் பாதிப் பட்டையை உரித்துத் தரையில் போட்டது. கட்டுப் போட்ட காலோடு கவட்டையில் ஏறித் தலைகீழாகத் தொங்கிப் பார்த்தது. "நாள் பூரா பெருக்கிண்டே இருக்கேன்," என்று மாமி அலுத்துக்கொண்டாள். குரலில் அலுப்பு இல்லை.

திங்கட்கிழமை டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். புண் எலும்புவரை போகவில்லை. ஆனால் ஆறவும் இல்லை. "கத்தி இன்னிக்கு வேண்டாம். பத்து நாள் பொறுப்போம். அதுக்கப்புறம் பொறுக்க முடியாது," என்றார்.

அந்தப் பத்து நாளும் எங்கள் மாடியில் 'குட் மார்னிங்' என்ற வார்த்தையே கிடையாது. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது நான் புருவத்தைத் தூக்குவேன். "இன்னிக்கும் இடதுதான்," என்பார் வைத்தி சார். இடது காலைத்தான் தூக்கி வைத்துக்கொண்டு தூங்குகிறது என்று அர்த்தம். பறவை என்றால் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் என் வீட்டுக்காரர்கூட ஒருநாள் ஆபீசிலிருந்து போன் பண்ணி, "எந்தக் கால்?" என்று கேட்டார். ஏழாம் நாளும் இடது. எட்டாம் நாளும் இடது. அன்று வைத்தி சார் லிஃப்டில் ஏறாமல் படியில் இறங்கிப் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் அரசு விடுமுறை. நவம்பர்ப் புகைக்கு நடுவே மதியம் கொஞ்சம் வெயில் எட்டிப்பார்த்தது. பருப்புத் துவையல் அரைத்திருந்தேன், ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினேன். கூடத்தில் நின்றிருந்த வைத்தி சார் திரும்பாமலே ஒரு கையை உயர்த்தினார். அப்படியே நில் என்று. சமையலறை வாசலில் மாமி கரண்டியோடு நின்றிருந்தாள். குக்கர் சத்தம் போட்டுவிடக் கூடாதென்று அடுப்பை அணைத்திருந்தாள்.

உச்சிக் கிளையில் மேஜர் தூங்கிக்கொண்டிருந்தது. கொண்டை படிந்திருந்தது, கண் மூடியிருந்தது. வலது காலை வயிற்று இறகுக்குள் இழுத்து வைத்திருந்தது. கட்டுப் பிரித்த இடது கால் மட்டும் வெளியே. அதன் நான்கு விரல்களும் பட்டையின் மேடு பள்ளத்தில் நான்கு இடத்தில் பற்றியிருந்தன. உடம்பின் பாரம் முழுவதும் அந்தக் காலில் இருந்தது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிண்ணம் கையில் இருந்ததால் துடைக்க முடியவில்லை.

"நிக்கறான், பாத்தேளா," என்றார் வைத்தி சார், உதடு மட்டும் அசைய. அவர் அழுதுகொண்டிருந்தார், அதை மறைக்கவும் இல்லை. "சந்தோஷமா இருக்கு. வெக்கமாவும் இருக்கு."

மாமி கரண்டியை உயர்த்தி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னாள்.

மேஜர் கண் விழிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை நாங்கள் மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம்.